78 நாள் போனஸும் 20 நாள் ஸ்டிரைக்கும்

ஒலிப்பதிவின் திருத்திய எழுத்து வடிவம். பேசும்போது வந்த திரும்பச் சொல்லல்களை மட்டும் நீக்கியிருக்கிறேன்.

இந்த எபிசோடை ஒரு சின்னக் கணக்குல இருந்து ஆரம்பிக்கிறேன்.

வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குக் கொஞ்சம் முன்னாடி டிவியில ஒரு ஸ்க்ரோல் ஓடும். ரயில்வே ஊழியர்களுக்கு 78 நாள் சம்பளம் போனஸ். அதைப் பார்த்ததும் வீட்டில் யாராவது ஒருத்தர், "ரெண்டரை மாசச் சம்பளமாம், கொடுத்து வெச்சவங்க" என்று சொல்வார்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைச்சிட்டிருந்தேன். ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அது நிஜச் சம்பளத்தில் 78 நாள் கிடையாது. நீங்கள் எவ்வளவு வாங்கினாலும் போனஸ் கணக்குக்கு மாதம் 7,000 ரூபாய்தான் உச்சவரம்பு. 7,000-ஐ 12-ஆல் பெருக்கி, 365-ஆல் வகுத்து, 78-ஆல் பெருக்கினால் 17,951 ரூபாய். அவ்வளவுதான்.

ஆனா என்னை யோசிக்க வெச்சது தொகை இல்லை, பேரு. கம்பெனியில் வேலை செய்பவருக்குப் போனஸ் என்றால் வெறும் போனஸ். ரயில்வேயில் அதுக்கு முன்னாடி ஒரு அடைமொழி: உற்பத்தித்திறன் சார்ந்த போனஸ். கோட்ல ஒரு ஃபங்ஷனுக்கு இப்படிச் சுத்தி வளைச்சுப் பேர் வெச்சிருந்தா நான் உடனே கிட் ஹிஸ்டரியைத் திறந்து பார்ப்பேன். ஏதோ ஒரு சண்டைக்கு அப்புறம்தான் ரெண்டு பக்கமும் இந்தப் பேருக்கு ஒத்துக்கிட்டிருக்கும்.

இந்தப் பேரோட ஹிஸ்டரி 1974 மே 8-ல போய் நிக்குது. அன்னிக்குக் காலை 6 மணிக்கு இந்திய ரயில்வேயில் வேலைநிறுத்தம் அதிகாரபூர்வமாகத் தொடங்கியது. சம்பந்தப்பட்டவர்கள் சுமார் 17 லட்சம் பேர். 20 நாள் நீடித்தது. இந்தியா பார்த்த மிகப் பெரிய தொழில் தகராறுகளில் ஒன்று. நம்ம பள்ளிப் பாடப் புத்தகத்தில் இதைப் படிச்ச ஞாபகம் எனக்கு இல்லை. 1975 எமர்ஜென்சியைப் பற்றிப் படிச்சிருக்கேன். அதுக்கு முந்தின வருஷம் நடந்த இதைப் பற்றி இல்லை.

ஏன் ஸ்டிரைக் பண்ணாங்க? சம்பளம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிடலாம். ஆனா எனக்கு அதைவிடச் சுவாரசியமா பட்டது வேலை நேரம். அதைக் கொஞ்சம் விளக்கமா சொல்றேன், பொறுத்துக்கோங்க.

ரயில்வே, வேலையைப் பல வகையாகப் பிரித்து வைத்திருந்தது. தீவிரமான வேலை, தொடர்ச்சியான வேலை, விட்டு விட்டு வரும் வேலை. 1947-ல் ராஜாத்யக்ஷா என்ற நடுவர் சொன்ன கணக்குப்படி தீவிரமான வேலைக்கு வாரம் 45 மணி, தொடர்ச்சியான வேலைக்கு 54 மணி, விட்டு விட்டு வரும் வேலைக்கு 75 மணி. பின்னாடி இன்னொரு தீர்ப்பாயம் இந்த மணிகளைக் குறைக்கச் சொன்னது. ஆனால் அடிப்படை லாஜிக் மாறவில்லை.

விட்டு விட்டு வரும் வேலைன்னா என்ன? ஊருக்கு வெளியே இருக்கிற ஒரு லெவல் கிராஸிங் கேட்டை நினைச்சுப் பாருங்க. மணிக்கு ஒரு வண்டியோ ரெண்டு வண்டியோ வரும். கேட்கீப்பர் மூடுவார், கொடி காட்டுவார், திறப்பார். மீதி நேரம் சும்மாதானே உட்கார்ந்திருக்கார், அதனால் 12 மணி நேர டியூட்டி தப்பில்லை. இதுதான் நிர்வாகத்தின் வாதம். ஆனா அந்தச் சும்மா நேரத்தில் அவர் தூங்க முடியாது, கடைக்குப் போக முடியாது, பிள்ளையை ஸ்கூல்ல விட முடியாது. போன் அடித்தால் எடுக்கணும். ஆன்-கால் வாரத்துல லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டுக் கல்யாண வீட்டுக்குப் போனவங்களுக்கு இது புரியும். அலர்ட் வரலைன்னா வேலை பார்க்கலைன்னு அர்த்தமா? நமக்கு வருஷத்தில் சில வாரம் அப்படி. அவருக்கு ரிட்டயர் ஆகும் வரை அதுதான் வாழ்க்கை.

எஞ்சின் டிரைவர்களின் பிரச்சினை வேற மாதிரி. லோகோ ஷெட்டில் கையெழுத்துப் போட்டு உள்ளே போவதுதான் சைன் ஆன். அது நீராவி எஞ்சின் காலம். டிரைவரும் ஃபயர்மேனும் நெருப்பு, தண்ணீர், கரி, எண்ணெய் எல்லாம் பார்த்து எஞ்சினைத் தயார் செய்து, வண்டியில் மாட்டி, சிக்னல் கிடைத்துக் கிளம்பவே நேரம் பிடிக்கும். சரக்கு வண்டி என்றால் வழியில் ஒவ்வொரு மெயிலுக்கும் எக்ஸ்பிரஸுக்கும் ஒதுங்கி நிற்கணும். போய்ச் சேர்ந்த பிறகும் எஞ்சினை ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டால்தான் சைன் ஆஃப். இதில் எதெல்லாம் வேலை நேரம்? சக்கரம் உருள ஆரம்பித்ததில் இருந்து நிற்கும் வரையா, கையெழுத்தில் இருந்து கையெழுத்து வரையா? ஒரே பயணத்துக்கு இரண்டு விடைகள். 14, 16 மணி நேர டியூட்டி அபூர்வமே இல்லை. அத்தனை நேரமும் ஃபயர்மேன் கரியை அள்ளிப் போட்டுக்கொண்டே இருப்பார்.

1973-ல் இந்த ரன்னிங் ஸ்டாஃப் தனியாக ஸ்டிரைக் செய்தார்கள். அந்த ஆகஸ்ட்டில் ரயில்வே அமைச்சர் லலித் நாராயண் மிஸ்ரா, 10 மணி நேர டியூட்டி என்பதை ஒப்புக்கொண்டார். மற்ற ஊழியர்களும் இதைக் கவனித்தார்கள். அமைதியா மனு கொடுத்துட்டு வருஷக்கணக்கா காத்திருந்த சங்கத்துக்குக் கிடைக்காதது, வண்டியை நிறுத்தினவனுக்குக் கிடைச்சுது. இதை வெச்சு யாரும் என்ன முடிவுக்கு வருவாங்கன்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது போனஸ். 1965 போனஸ் சட்டப்படி ஆலைத் தொழிலாளிக்குப் போனஸ் உரிமை. 1972-ல் குறைந்தபட்சம் 8.33 சதவீதம் ஆனது. அதாவது பன்னிரண்டில் ஒரு பங்கு, ஒரு மாதச் சம்பளம். ஆனால் அரசே துறையாக நடத்தும் நிறுவனங்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. திருச்சியை எடுத்துக்கோங்க. திருவெறும்பூர் பக்கம் பெல் தொழிற்சாலை. அது அரசுக்குச் சொந்தமான கம்பெனி. பக்கத்திலேயே பொன்மலையில் ரயில்வே பணிமனை. அது அரசுத் துறை. ரெண்டு இடத்திலும் இரும்போடதான் மல்லுக்கட்டுறாங்க. அதே மாதிரி வெல்டர், அதே மாதிரி ஃபிட்டர். ஆனா ஒருத்தர் சட்டத்தின் கண்ணில் தொழிலாளி, இன்னொருத்தர் அரசு ஊழியர், அவருக்குப் போனஸ் கேட்கவே உரிமை கிடையாது.

இதோட விலைவாசியைச் சேர்த்துக்கோங்க. 1972 வறட்சி, 1973 எண்ணெய் நெருக்கடி. 1973-74-ல் மொத்த விலை ஒரே வருஷத்தில் சுமார் 20 சதவீதம் ஏறியது. அப்போதுதான் மூன்றாவது ஊதியக் குழு, கடைநிலை ஊழியருக்கு மாதம் 185 ரூபாய் என்று பரிந்துரைத்தது. அரசு அதை 196 ஆக்கியது. 11 ரூபாய் ஏத்திக் கொடுத்தோம் என்று அரசு சொன்னது. அரிசி விலை அதுக்குள்ள எங்கேயோ போயிருந்தது.

இந்தச் சூழலில் அகில இந்திய ரயில்வே ஊழியர் சம்மேளனத்தின் தலைவராக வந்தவர் ஜார்ஜ் பெர்னாண்டஸ். மங்களூரில் பிறந்து, பம்பாயில் டாக்சி டிரைவர்களையும் மாநகராட்சித் தொழிலாளர்களையும் திரட்டியவர். 1967 தேர்தலில் எஸ்.கே. பாட்டீல் என்ற காங்கிரஸ் ஜாம்பவானைத் தோற்கடித்தவர். 1974 பிப்ரவரியில் பல சங்கங்களைச் சேர்த்து ஒரு தேசிய ஒருங்கிணைப்புக் குழு அமைத்தார். 8 மணி நேர வேலை, பொதுத்துறை கம்பெனிகளுக்கு இணையான சம்பளம், விலைவாசியோடு சேர்ந்து ஏறும் பஞ்சப்படி, போனஸ், தற்காலிகத் தொழிலாளர்களை நிரந்தரமாக்குவது. ஏப்ரல் 23-ல் நோட்டீஸ். காங்கிரஸ் சார்பான இன்னொரு சம்மேளனம் இதில் சேரவில்லை.

பேச்சுவார்த்தை நடந்துகிட்டே இருந்தது. மே 2 அதிகாலை, லக்னோவில் பெர்னாண்டஸ் கைது செய்யப்பட்டார். ஸ்டிரைக் தொடங்க இன்னும் 6 நாள் இருந்தது. நாடு முழுக்க சங்கத் தலைவர்கள் கைது. பேசிக்கொண்டிருந்த ஆளையே தூக்கி உள்ளே வைத்துவிட்டதால் பல இடங்களில் தொழிலாளர்கள் 8-ம் தேதி வரை காத்திருக்கவில்லை, அப்போதே வேலையை நிறுத்தினார்கள்.

எந்தச் சட்டத்தில் கைது? நான் படிக்கும்போது அப்படியே நின்ன இடம் இது. மிசா, அப்புறம் இந்தியப் பாதுகாப்பு விதிகள். பின்னது போர்க்காலத்துக்கானது. 1971 டிசம்பரில் பாகிஸ்தானோடு போர் வந்தபோது ஒரு நெருக்கடி நிலையை அறிவித்தார்கள். போர் அந்த மாதமே முடிந்தது. அறிவிப்பைத் திரும்பப் பெறவே இல்லை. 1977 வரை அது உயிரோடு இருந்தது. நாம 1975-ல் வந்ததாகச் சொல்ற எமர்ஜென்சி, ஏற்கெனவே இருந்த ஒன்றுக்கு மேல் போட்ட இரண்டாவது. ப்ரொடக்‌ஷன்ல யாரோ அவசரத்துக்கு ஆன் பண்ணி, ஆஃப் பண்ண மறந்த ஃபிளாக் மாதிரின்னு முதல்ல நினைச்சேன். மறக்கல. தேவைப்படும்னு வெச்சிருந்தாங்க. அந்த விதிகளின்கீழ் ஸ்டிரைக் சட்டவிரோதம் என்று அறிவிக்கப்பட்டது. எதிரி நாட்டுக்காக எழுதின விதி, பஞ்சப்படி கேட்டவங்க மேல பாய்ந்தது.

அந்த 20 நாள் எப்படி இருந்தது? மத்திய ரிசர்வ் போலீஸ், எல்லைப் பாதுகாப்புப் படை, டெரிட்டோரியல் ஆர்மி எல்லாம் ரயில்வே யார்டுகளில் இறங்கின. பயணிகள் வண்டிகளைப் பெருமளவு ரத்து செய்து, கரியும் தானியமும் ஏற்றின சரக்கு வண்டிகளை ஓட்டுவதில் அரசு கவனம் வைத்தது. ஆயிரக்கணக்கானோர் சிறையில். ஆனா பெரிய அடி விழுந்தது குவார்ட்டர்ஸ்ல. ரயில்வே ஊழியருக்கு வீடும் ரயில்வே கொடுத்ததுதானே? வேலை போச்சுன்னா வீடும் போச்சு. காலனிகளில் தண்ணீரும் மின்சாரமும் துண்டிக்கப்பட்டன. குடும்பங்களைச் சாமான் சட்டியோடு தெருவில் இறக்கினார்கள். ஆண்கள் தலைமறைவாக இருக்க, போலீஸை வாசலில் எதிர்கொண்டது பெண்கள். மொகல்சராய் காலனியில் நடந்தவை அப்போதே பெரிதாகப் பேசப்பட்டன. வேலைக்கு வந்தவங்களுக்கு விசுவாசிகள்னு பேரு. அவங்களுக்குக் கூடுதல் இன்கிரிமென்ட், பிள்ளைக்கு வேலை. ஒரே காலனியில் எதிரெதிர் வீடு இப்படிப் பிரிஞ்சா அப்புறம் அங்கே எப்படிக் குடியிருப்பாங்கன்னு யோசிச்சுப் பாருங்க.

மே 18-ம் தேதி போக்ரானில் அணுகுண்டுச் சோதனை. ஸ்டிரைக்கின் 11-வது நாள். சோதனைக்கான தயாரிப்பு அதற்கு ரொம்ப முன்னாடியே தொடங்கியது, ஸ்டிரைக்கை மறைக்க வெடிச்சாங்கன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனால் மறுநாள் செய்தித்தாள்களில் எது முதல் பக்கத்தைப் பிடிச்சிருக்கும்னு சொல்லத் தேவையில்லை.

இன்னொரு விஷயம். அப்போது குடியரசுத் தலைவர் யார் தெரியுமா? வி.வி. கிரி. 1920களில் பெங்கால் நாக்பூர் ரயில்வே தொழிலாளர் போராட்டத்தை நடத்தியவர். பெர்னாண்டஸ் தலைவராக இருந்த அதே சம்மேளனத்தை உருவாக்கியவர்களில் ஒருவர், அதன் தலைவராகவும் இருந்தவர். 1937-ல் ராஜாஜி மந்திரிசபையில் நம் மாகாணத்தின் தொழிலாளர் அமைச்சர். 1954-ல் மத்திய தொழிலாளர் அமைச்சராக இருந்தபோது, வங்கி ஊழியர் தகராறில் தீர்ப்பாயம் கொடுத்த தீர்ப்பை அரசு மாற்றியது என்பதற்காகப் பதவியை விட்டவர். 1974 மே மாதத்தில் சம்மேளனத்தின் முன்னாள் தலைவர் ராஷ்டிரபதி பவனில், இந்நாள் தலைவர் திகாரில்.

அரசு தரப்பையும் சொல்லணும். அது வெறும் பிடிவாதம் இல்லை. ரயில் நின்றால் அனல்மின் நிலையத்துக்குக் கரி போகாது, ரேஷன் கடைக்குக் கோதுமை போகாது. வறட்சி முடிந்து மூச்சு விடாத நாடு. ரயில்வேக்கு ஒத்துக்கிட்டா தபால்காரர், மத்திய அரசு கிளார்க் எல்லாரும் அதையே கேட்பாங்க, விலைவாசி இன்னும் ஏறும். இந்தப் பயம் நியாயமானதுதான். சங்கத்தரப்பிலும் ஓட்டைகள் இருந்தன. நீண்ட ஸ்டிரைக்குக்குக் கையில் நிதி இல்லை. எந்தப் பிரிவும் இன்னொரு பிரிவை முழுசா நம்பல. பெர்னாண்டஸ் மனசுல இது இந்திரா காந்திக்கு எதிரான அரசியல் போராட்டமாகவும் இருந்தது. அதை அவர் பெரிசா மறைக்கவும் இல்லை.

ஆனா எனக்கு இடறுற இடம் வேற. ஒரு மில் முதலாளிக்கும் தொழிலாளிக்கும் சண்டை வந்தால் அரசு நடுவில் வரும். நல்லா செய்யுதோ இல்லையோ, அது மூணாவது ஆள். இங்கே முதலாளியே அரசு. பேசுகிறவரும் அவர்தான், போலீஸை அனுப்புகிறவரும் அவர்தான், வீட்டை விட்டு வெளியேற்றுகிறவரும் அவர்தான். விசாரணை இல்லாமலேயே வேலையை விட்டு நீக்க ரயில்வே ஒழுங்கு விதிகளில் 14-வது விதியின் இரண்டாவது பிரிவு இருந்தது. விசாரணை நடத்துவது நடைமுறையில் சாத்தியமில்லை என்று மேலதிகாரி எழுதினால் போதும்.

மே 27-ல் போராட்டக் குழு நிபந்தனை இல்லாமல் ஸ்டிரைக்கைத் திரும்பப் பெற்றது. கோரிக்கையில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஆயிரக்கணக்கானோருக்கு வேலை போனது. வேலை போகாதவங்களுக்குச் சர்வீஸ் பிரேக், அதாவது நீங்க அந்த 20 நாளுக்கு முன்னாடி செஞ்ச சர்வீஸ் பென்ஷன் கணக்கில் சேருமா என்பதே கேள்வி. ஜூலையில் இன்னொரு அவசரச் சட்டம்: புதிதாக ஏறும் பஞ்சப்படியில் பாதியைக் கட்டாய டெபாசிட்டாகப் பிடித்துக்கொள்வார்கள். எதைக் கேட்டுப் போராடினாங்களோ அதுலயே பாதி.

அதன் பிறகு நடந்ததை வேகமா சொல்லிடறேன். 1975 ஜனவரியில் சமஸ்திபூரில் குண்டு வெடித்து மிஸ்ரா இறந்தார். ஜூனில் எமர்ஜென்சி. பெர்னாண்டஸ் தலைமறைவாகி, 1976-ல் பிடிபட்டு, 1977-ல் சிறையில் இருந்தபடியே முசாபர்பூரில் ஜெயித்தார். தொழில்துறை அமைச்சரானார். ஐபிஎம் இந்தியாவை விட்டுப் போனபோது அந்த நாற்காலியில் இருந்தவர் இவர்தான். நம்ம துறையில இருக்கிறவங்களுக்கு அவரைத் தெரியும்னா அப்படித்தான் தெரியும். அதே ஜனதா அரசில் மது தண்டவதே ரயில்வே அமைச்சர். நீக்கப்பட்டவர்களைத் திரும்ப எடுத்துக்கொண்டார், சர்வீஸ் பிரேக்கை ரத்து செய்தார். ரெண்டாம் வகுப்பு மரப் பலகை பெர்த்துக்கு மெத்தை போட்டவரும் அவரே.

1979-ல், சரண் சிங் பிரதமராக இருந்தபோது, ரயில்வே ஊழியருக்குப் போனஸ் வந்தது. ஆனா நேரா போனஸ்னு சொல்ல முடியாது. அப்படிச் சொன்னா ரயில்வே ஒரு தொழிற்சாலை, ஊழியர் ஒரு தொழிலாளி என்று 1974-ல் மறுத்ததை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். அதனால் எத்தனை டன் சரக்கு, எத்தனை பயணிகள் என்று ஒரு சூத்திரம் போட்டு, உற்பத்தித்திறன் சார்ந்த போனஸ் என்று பேர் வைத்தார்கள். 1974-ல் கொடுத்தால் நாடு திவாலாகும் என்று சொன்னது, 5 வருஷம் கழித்து வேற பேரில் வந்தது. நாட்டுக்கு ஒண்ணும் ஆகல.

இது டெல்லிக் கதை மட்டும் இல்லை. 1928 தென்னிந்திய ரயில்வே வேலைநிறுத்தத்துக்காகத்தான் சிங்காரவேலர் சிறைக்குப் போனார். 1946 செப்டம்பர் 5-ல் பொன்மலையில் மலபார் போலீஸ் சுட்டதில் 5 தொழிலாளர்கள் இறந்தார்கள். அது வெள்ளைக்காரன் காலம்னு சொல்லலாம். 2003 ஜூலை? தமிழ்நாட்டு அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் ஸ்டிரைக் செய்தபோது எஸ்மா சட்டத்தில் சுமார் 1.7 லட்சம் பேரை மாநில அரசு ஒரேயடியாக நீக்கியது. அந்த வழக்கில்தான் உச்ச நீதிமன்றம், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை அடிப்படை உரிமையும் இல்லை, சட்ட உரிமையும் இல்லை, தார்மீக உரிமையும் இல்லை என்று சொன்னது. பெரும்பாலானோர் திரும்ப வேலைக்கு எடுக்கப்பட்டார்கள். தீர்ப்பு அப்படியே இருக்கு.

போனஸ் வந்தாச்சு, வேலை நேரம் என்ன ஆச்சு? 2024 ஜூனில் தெற்கு ரயில்வே லோகோ பைலட்டுகள் ஒரு போராட்டம் நடத்தினாங்க. வழக்கமான 16 மணி நேர ஓய்வோடு வார ஓய்வு 30 மணியையும் சேர்த்து 46 மணி நேரம் வேணும்னு கேட்டாங்க. நிர்வாகம் அந்த 16-ஐ வார ஓய்வுக்குள்ளேயே கணக்கு வெச்சது. ஓய்வு எப்போ ஆரம்பிக்குது, எப்போ முடியுதுன்னு 50 வருஷம் கழிச்சும் அதே கணக்குத் தகராறு. நீராவி எஞ்சின்தான் போயிருக்கு.

பெரம்பூர், அரக்கோணம், ஜோலார்பேட்டை, பொன்மலை, ஈரோடு. இந்த ஊர்கள்ல உங்க தாத்தாவோ பாட்டியோ ரயில்வே குவார்ட்டர்ஸ்ல இருந்திருந்தா ஒரு உதவி பண்ணுங்க. 1974-ஐப் பற்றி அவங்ககிட்ட பேசி, வாய்ஸ் நோட் அனுப்புங்க. தாத்தாவை மட்டும் கேட்காதீங்க. பாட்டிகிட்ட, அந்த மே மாசம் வீட்ல என்ன சமைச்சீங்கன்னு கேளுங்க.